பரணில் இருப்பது யாருடையது? பிள்ளைகள் வெளியூர் போன வீட்டில் நினைவுப் பொருட்களைப் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, மகள் மேல்படிப்புக்கு அமெரிக்கா சென்ற பிறகு, சென்னையில் இருந்த எங்கள் தனி வீட்டை விட்டு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்கு நானும் கணவரும் குடிபெயர்ந்தோம். அதற்கு முன் இரண்டு பரண்கள், மூன்று ட்ரங்குப் பெட்டிகள், ஒரு இரும்பு பீரோ ஆகியவற்றைக் காலி செய்ய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதன்பின் உறவினரும் நண்பர்களும் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன.

பிள்ளைகள் கிளம்பியவுடனே தொடங்கிவிடலாமா?

வேண்டாம். விடுதியில் சேர்ந்த பிள்ளை முதல் தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது தன் அறையில் தையல் இயந்திரமும் துணி காயப்போடும் கொடியும் நின்றால், தன்னை வழியனுப்பக் காத்திருந்தார்கள் என்றே அதற்குத் தோன்றும். அறையை ஓர் ஆண்டாவது அப்படியே விட்டுவைத்து, பரணிலிருந்து தொடங்குங்கள். பரணில் இருப்பவை ஏற்கெனவே கண்ணை விட்டு மறைந்தவை என்பதால் அங்கே கை வைப்பது யாரையும் புண்படுத்தாது. மேலும், மழைநீர்க் கசிவும் கறையானும் முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

நாங்கள் பல அளவுகோல்களை முயன்று பார்த்துக் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நின்றோம்: இதை யாருக்காக வைத்திருக்கிறேன்? அதற்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். 'பிள்ளைகளுக்காக', 'பின்னாடி உதவும்' என்பவை பெயர்கள் அல்ல. 'மகளுக்காக' என்று சொல்வதானால் மகளைக் கேட்க வேண்டும். 'எனக்காக' என்பதும் முழுமையான பதில்தான். அதைச் சொல்ல நம்மில் பலர், குறிப்பாகப் பெண்கள், கூச்சப்படுகிறோம். மகனின் முதல் செருப்பை நான் எனக்காகவே வைத்திருக்கிறேன். அவனுக்கு அதில் சிறிதும் அக்கறை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அதை 'அவனுக்காக' என்று சொல்லி இருபத்து நான்கு ஆண்டுகள் அவன் தலையில் கட்டியிருந்தேன் என்பது பெட்டியைத் திறந்த அன்றுதான் எனக்கே புரிந்தது.

பிள்ளைகளைக் கேட்டால் "வெச்சிருங்கம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்களே?

அது விருப்பம் அல்ல, பேச்சைத் தள்ளிப்போடுவது. 'வைத்திரு' என்பதற்கும் 'எனக்கு வேண்டும்' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம் பரண்கள் நிரம்பியிருக்கின்றன.

கேட்கும் முறையை மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் இருநூறு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்தாறு பொருட்களின் படத்தை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் 'நான் எடுத்துக்கொள்கிறேன்', 'படம் போதும்', 'கொடுத்துவிடலாம்' என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். 'எடுத்துக்கொள்கிறேன்' என்றால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்பவை நம்மை வியக்க வைக்கும். பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை வேண்டாம் என்ற என் மகள், சமையலறையில் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்த பழைய காபி ஃபில்டரைக் கேட்டாள்.

குழந்தைப் பருவத் துணிகளை என்ன செய்வது?

நம் ஊர்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் துவைத்து மெத்தென்றான பழைய சட்டையைப் போடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பருத்திச் சட்டைகளுக்கு இதைவிட நல்ல போக்கிடம் இல்லை. உறவில் யாருக்காவது பிரசவம் என்றால் நான்கைந்தைத் துவைத்து வெயிலில் உலர்த்திக் கொடுத்துவிடுங்கள். கம்பளி, நைலான், எலாஸ்டிக் இற்றுப்போன துணிகள் யாருக்கும் பயன்படா.

பட்டுப்பாவாடை வேறு கதை. பட்டு மடிப்பில்தான் இற்றுப்போகும். ஒரே மடிப்பில் பதினைந்து ஆண்டுகள் இருந்த பாவாடையைப் பிரித்தால் மடித்த கோட்டிலேயே கிழிவதைப் பார்க்கலாம். வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, வெள்ளை அல்லது சாயம் போகாத பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. இற்றுப்போன பட்டில் வெள்ளி கலந்த பழைய சரிகை இருந்தால், அதை எடை பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் கூவி வருபவரிடம் கொடுக்காமல் இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். பட்டுச்சேலையின் கரையை மட்டும் வெட்டிச் சட்டமிட்டு மாட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சேலையை அறுத்துச் சுவரில் மாட்டுவதைவிட ஒரு பேத்திக்குப் பாவாடையாகத் தைப்பது மேல்.

தூளிச் சேலை, பாலாடை, வசம்பு வளையல், பால் பற்கள், தொப்புள்கொடித் தாயத்து: இவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

வர வேண்டாம். இவை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பிஸ்கட் டின்னுக்கு மேல் இடம் எடுக்காது. பிள்ளைக்கு ஒரு டின் என்று வைத்து, உள்ளே ஒரு தாளில் எது என்ன, எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திறப்பவருக்கு வசம்பு வளையல் காய்ந்துபோன ஏதோ ஒரு வேராகத்தான் தெரியும். தூளிச் சேலை மட்டும் பெரியது. நல்ல நிலையில் இருந்தால் அடுத்த தூளிக்கு ஆகும். நைந்துபோயிருந்தால் ஒரு முழம் வெட்டி டின்னுக்குள் வைத்தால் போதும்.

நடைவண்டி, மரக்குதிரை, சொப்புச் சாமான்?

சொப்பைக் கொலுவில் வைக்கலாம். நடைவண்டியையும் மரக்குதிரையையும் குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுங்கள்.

பள்ளிக்கூடக் காகிதங்களில் எவற்றை ஒருபோதும் எறியக் கூடாது?

பிறப்புச் சான்றிதழ், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கல்லூரிப் பட்டம், தடுப்பூசி அட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் எறிந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குச் சான்று கேட்கின்றன. அட்டை இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அல்லது ஊசியை மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 1-10-2023 அன்று நடைமுறைக்கு வந்தபின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஒரே ஆவணம். அதற்கு முன் பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மதிப்பு அப்படியே நீடிக்கிறது. கையில் உள்ள பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் வாங்கி வைத்த பழைய சான்றிதழ்கள் ஏராளம். மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுத் தேவைக்காகப் பின்புறத்தில் முத்திரையோ வில்லையோ பதிக்க வேண்டி வந்தால் அது பெரும் தொல்லையாகிவிடும்.

கையேடுகளையும் வினா வங்கிகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம். போடுமுன் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். எங்கள் வீட்டில் இயற்பியல் கையேட்டுக்குள்ளிருந்து மாமியார் எழுதிய ஒரு கடிதம் விழுந்தது.

வரைந்த படங்கள், கட்டுரை நோட்டுகள், பரிசுக் கோப்பைகள்?

ஓவியங்களில் ஆண்டுக்கு இரண்டு வீதம் எடுத்து, பின்புறம் வயதை எழுதிக் கோப்பில் போடுங்கள். மற்றவற்றைப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். கட்டுரை நோட்டில் ஆசிரியர் திருத்திய பக்கங்களை மட்டும் வைத்தால் போதும். 'என் எதிர்கால இலட்சியம்' கட்டுரையை எல்லோரும் விட்டுவைக்கிறார்கள். எனக்கு அதைவிட 'நான் கண்ட பொருட்காட்சி' சுவையாக இருந்தது. முன்னதில் என் மகன் ஆசிரியர் சொன்னதை எழுதியிருந்தான், பின்னதில் தான் பார்த்ததை எழுதியிருந்தான். கோப்பைகளில் பெயர்த் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம்.

பிள்ளையின் டைரியும் நண்பர்கள் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. படிக்கலாமா?

கூடாது. உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

புகைப்படங்கள்தான் மலைபோல் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் மிக வயதானவரிடமிருந்து தொடங்குங்கள். காகிதம் இன்னும் பத்தாண்டு காத்திருக்கும், ஆனால் படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று தெரிந்த ஒரே ஆள் காத்திருக்க மாட்டார். என் மாமியாரின் அக்கா எண்பத்தேழு வயதில் ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து நாற்பது படங்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து பிறகு எழுதினோம். மறுபடி உட்காரலாம் என்று வைத்திருந்த மற்ற ஆல்பம் இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கிறது.

படத்தின் பின்புறம் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பழைய ஸ்டுடியோ படங்களின் அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் புடைப்பாக அச்சிடப்பட்டிருக்கும். எந்த ஊரில் எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி என்பதால் அட்டையை வெட்டி எறியாதீர்கள்.

1980-களிலும் 90-களிலும் நாம் விரும்பி வாங்கிய, பக்கம் முழுவதும் பசை வரிகள் ஓடி மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் ஆல்பங்கள்தான் படங்களுக்குப் பெரிய எதிரி. அந்தப் பசை படத்தை மஞ்சளாக்கிவிடும். மெல்லிய நூலைப் படத்தின் அடியில் செலுத்தி, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கவே வேண்டாம். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்பவரிடம் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், கேளுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் அந்த அளவில் 2400-க்கு 3600 புள்ளிகள் கொண்டதாக வரும், பிறகு பெரிதாக்கி அச்சிடவும் போதுமானது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கோப்புகளை இரண்டு வீடுகளில் இரண்டு பிரதிகளாக வைத்திருங்கள். நெகட்டிவ்களை எறியாதீர்கள். படத்தைவிட அதில் விவரம் அதிகம். கல்யாண ஆல்பத்தில் சாப்பாட்டுப் பந்தியின் அறுபது படங்களையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேசட்டுகளும் கல்யாண வீடியோவும்?

இவற்றுக்குத்தான் அவசரம். வீடியோ கேசட் இயக்கும் விசிஆர் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பொடிபோல் தெரிந்தால் வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். சினிமாப் பாட்டு கேசட்டுகள் போகட்டும். ஆனால் உறையில் 'வீட்டில் பேசியது' என்றோ, ஒன்றுமே எழுதாமலோ இருப்பவற்றைக் கேட்டுப் பார்க்காமல் போடாதீர்கள். இறந்துபோன பாட்டியின் தாலாட்டு அதில்தான் இருக்கும்.

சீராக வந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை எடைக்குப் போடலாமா?

போடுமுன் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெண்கலத்தைத் தட்டினால் மணிபோல் நாதம் நீளும், பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலத்துக்கு விலை அதிகம். தெரியாமல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் பித்தளை விலைதான் கிடைக்கும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பிள்ளைகள் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள், கூடவே எச்சரிக்கையையும் கொடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், உள்ளே நீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு மிஞ்சாது. அது வெள்ளீயம்தானா, நச்சுள்ள காரீயம் கலந்ததா என்பதையும் நம்பகமான பாத்திரக்காரரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பெயர் வெட்டியதைப் பாருங்கள். யார் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுத்தது என்று பாத்திரத்தின் விளிம்பில் இருக்கும் அந்தப் புள்ளி எழுத்துகள்தாம் பல வீடுகளில் பெண்களின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம். சொத்துப் பத்திரத்தில் இல்லாத கொள்ளுப்பாட்டியின் பெயர் எங்கள் வீட்டுக் குத்துப்போணியில் இருந்தது. எல்லாப் பாத்திரங்களையும் வரிசையாக அடுக்கிப் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதினோம். பிறகு ஒவ்வொரு பேரனுக்கும் பேத்திக்கும் அவரவர் கையில் பிடிக்கும் அளவில் ஒன்று கொடுத்துவிட்டு, அண்டாவையும் தவலையையும் கிராமத்துக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்தோம். அங்கே அவை இன்னும் அடுப்பேறுகின்றன.

விற்பதானால் எடைக்கடை ஒன்றே வழியல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எடைக்கடைக்காரர் உலோகமாகப் பார்ப்பதை அங்கே பொருளாகப் பார்க்கிறார்கள்.

கொலு வைக்கும் பழக்கம் நின்றுவிட்டது. பொம்மைகளை?

முழுச் செட்டாகத் தசாவதாரமோ கல்யாண ஊர்வலமோ இருந்தால், பிரிக்காமல் கொலு வைக்கும் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுங்கள். வண்ணம் உதிர்ந்ததற்காக எறிய வேண்டாம். பண்ருட்டியிலும் மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன, பழையதற்கு வண்ணம் பூசித் தருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரப்பாச்சி இணையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

உண்டியலில் பழைய நாணயங்களும் செல்லாத நோட்டுகளும் இருக்கின்றன.

25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். 2016-இல் மதிப்பிழந்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளில் கவனம் தேவை. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டும் சேர்த்துப் பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருப்பது குற்றம், ஆய்வுக்கும் நாணயச் சேகரிப்புக்கும் மட்டும் இருபத்தைந்து வரை. பழைய பாஸ்புக் கிடைத்தால் எறியாதீர்கள். பத்தாண்டு இயங்காத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனாலும் உரியவர் கேட்டுப் பெறலாம். அத்தகைய வைப்புகளைத் தேட 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது.

தாத்தாவின் ஓலைச்சுவடியும் பழைய இதழ்களும் பரணில் இருக்கின்றன. யாருக்கும் படிக்கத் தெரியாது.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஏடுகளைப் புண்ணியமென்று ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். அப்படிப் போனவற்றைத் திரும்பப் பெற வழியே இல்லை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. சுவடிக் கட்டை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல், படம் எடுத்து முதலில் அவர்களைக் கேளுங்கள். பழைய இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1994-இல் அமைந்த அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்தவற்றிலிருந்து எழுந்தது. அவர் சேர்த்தவற்றில் நாடக நோட்டீசுகள்கூட உண்டு என்பதை எடைக்குப் போடுமுன் நினைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இராமபாணப் பூச்சி இருந்தால் மற்றக் காகிதங்களோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் பூஜை அறைப் பழைய விக்கிரகத்தைக் கேட்கிறாள். கொடுத்தனுப்பலாமா?

வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருட்கள். இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு. அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. பழையதுபோல் தோன்றும் புதுப் பொருள் என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று பெற்றுக் கொடுத்தனுப்புங்கள். செம்மர மரப்பாச்சிக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு.

மிச்சத்தைப் போகியில் கொளுத்திவிடலாமா?

பாய், முறம் எரிந்த காலத்து வழக்கம் அது. இன்றைய பழையதில் பாதி பிளாஸ்டிக். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தடைப்பட்டன. மாநகராட்சியிடம் கொடுத்துவிடுங்கள்.

என் கணவர் எதையும் விட மறுக்கிறார்.

அவர் பொருட்களைத் தொடாதீர்கள். அவர் இல்லாதபோது எடைக்குப் போடுவது ஒருமுறை நடந்துவிட்டால், பிறகு வீட்டில் காணாமற்போகும் ஒவ்வொரு திருகாணிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. உங்களுடையவற்றை அவர் கண்முன் பிரியுங்கள். என் கணவர் எட்டு மாதம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மாதம் தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடுகள் ஏழைக் கொண்டுவந்து வைத்து, "இதில் அப்பா கடைசியாகப் போட்டது எது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

கொடுத்த பிறகு வருந்த நேர்ந்தால்?

நேரும். மகனின் சிவப்பு மூன்றுசக்கர வண்டியை வாசலில் வேலை செய்த கொத்தனாரின் பிள்ளைக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மகன் போனில், "அந்த வண்டி எங்கம்மா?" என்று கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யாரிடம் இருக்கிறது என்று சொன்னேன். "ஓட்டுறானா?" என்று கேட்டான். ஓட்டுகிறான் என்றேன்.